சொருகியதும் நிற்கும் சிஸ்டம்

ஹார்ட் டிஸ்க்கை மாட்டியவுடன் கணினி ஹேங் ஆனால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? பனியன் ஊர்களுக்கு அவசியமான ஒரு வழிகாட்டி.

மாதக் கடைசி. ஆடிட்டருக்குக் கணக்கு போயாக வேண்டும். டேலியைத் திறந்து வைத்துக்கொண்டு, பேக்கப் எடுக்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகுகிறார்கள். சின்ன விளக்கு மினுக்குகிறது. டிஸ்க் சேர்ந்ததற்கான ஒலியும் கேட்கிறது. அதற்குப் பிறகு எதுவும் நகரவில்லை. மவுஸ் அம்பு ஓரிடத்தில் நிற்கிறது. திறந்திருந்த விண்டோ வெளுத்துப்போகிறது. "சிஸ்டம் ஹேங் ஆயிருச்சுங்க" என்று குரல் வருகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிறார்கள். மறுபடி போட்டு, மறுபடி சொருகினால் மறுபடியும் நிற்கிறது.

திருப்பூரைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனி அலுவலகங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இங்கே சொல்ல வருவது ஒன்றுதான்: மூன்றாவது முறை சொருகும் முன் கையை எடுங்கள். கோளாறு கணினியில் இருக்கலாம், வயரில் இருக்கலாம். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் தன் கடைசி நாட்களில் இருப்பதற்கான முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அப்படி இருந்தால், அணைத்துப் போடும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பதில் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரே டிஸ்க்கில் முழுக் கம்பெனி

திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் வழியாகக் கோபிச்செட்டிபாளையம் போகும் சாலையில் இருக்கிறது குன்னத்தூர் பேரூராட்சி. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூர் வட்டாரத்திலிருந்துதான் போகிறது. அந்த வேலையின் பெரும் பங்கு நகரத்துப் பெரிய கம்பெனிகளுக்குள் மட்டும் நடப்பதில்லை. குன்னத்தூரைப் போன்ற சுற்றியுள்ள ஊர்களின் ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும் நடக்கிறது. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஆளுக்கொரு வேலை. இந்த யூனிட்டுகளில் ஒன்றோ இரண்டோ கணினிகள்தான் இருக்கும். கணினிக்கென்று தனி ஆள் இருக்க மாட்டார். கணக்கு எழுதுபவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்.

அந்த ஒற்றைக் கணினியில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். பையர் அனுப்பிய டெக் பேக், ஒவ்வொரு ஸ்டைலுக்கும் போட்ட பேட்டர்ன், சைஸ் வாரியான அளவுகள், துணி வீணாகாமல் அடுக்கிப் போட்ட மார்க்கர், பிரிண்டிங்குக்குக் கலர் பிரித்த டிசைன், எம்பிராய்டரி பஞ்சிங் ஃபைல். கூடவே வாரச் சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரம், டெலிவரி சலான், இ-வே பில். இரண்டு வருடம் கழித்துப் பையர் அதே ஸ்டைலுக்கு ரிப்பீட் ஆர்டர் கொடுத்தால், பழைய பேட்டர்னும் பஞ்சிங்கும் கையில் இருப்பவருக்கு வேலை அன்றே தொடங்கும். இல்லாதவர் சாம்பிளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

சட்டமும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் 8 ஆண்டுகள் கேட்கிறது. மின்னணு முறையில் வைக்கும் கணக்குகளுக்குத் தினமும் பேக்கப் எடுத்து இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022-இல் விதியும் திருத்தப்பட்டது. "டிஸ்க் போயிருச்சுங்க" என்பது அதிகாரியிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல.

ஏன் நிற்கிறது?

டிஸ்க்கைச் சொருகியதும் கணினி வரிசையாகப் பல வேலைகளைச் செய்கிறது. போர்ட் மின்சாரம் தருகிறது. டிஸ்க்கின் மோட்டார் சுழலத் தொடங்குகிறது. டிஸ்க் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. கணினி அதற்கான டிரைவரைத் தேடி ஏற்றுகிறது. பிறகு டிஸ்க்கின் பகுதிகளைப் படித்து, ஃபைல் அட்டவணையைப் படித்து, ஓர் எழுத்தைக் கொடுத்துத் திரையில் காட்டுகிறது. இதற்கிடையே ஆன்டிவைரஸும் உள்ளே புகுந்து சோதிக்கிறது. இதில் எந்தக் கட்டத்தில் பதில் வராமல் போனாலும், கேட்ட நிரல் காத்துக்கொண்டே இருக்கும். தையல் லைனில் ஒரு டேபிளுக்குக் கை பீஸ் வரவில்லையென்றால் பின்னால் இருக்கும் டேபிள்கள் எல்லாம் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதே நிலைமைதான். ஹேங் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கணினி செத்துப்போனதை அல்ல, அது காத்திருப்பதைத்தான்.

உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. கீபோர்டில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே கணினி வேலை செய்கிறது, பொறுத்திருக்கலாம். விளக்கு அசையாவிட்டாலும் முழுதாகச் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மவுஸும் கீபோர்டும் அதே யு.எஸ்.பி. கட்டுப்பாட்டகத்தில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. டிஸ்க்கால் அது திணறினால் இவையும் சேர்ந்து நின்றுவிடும். டிஸ்க்கை உருவியதும் மவுஸ் நகரத் தொடங்கினால் காரணம் கிடைத்துவிட்டது.

எந்த நேரத்தில் நிற்கிறது என்பதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும். சொருகிய நொடியிலேயே முழுக் கணினியும் நின்றாலோ, தானாக அணைந்து மறுபடி ஓடினாலோ, சந்தேகம் மின்சாரத்தின் மேல். டிரைவ் எழுத்து தெரிகிறது, மவுஸும் நகர்கிறது, ஆனால் ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது என்றால் சந்தேகம் டிஸ்க்கின் மேல். நன்றாக ஓடி, பெரிய காப்பி பாதி போனபின் நின்றால் சூடு, கேபிள், அல்லது டிஸ்க் எழுதும் முறை. கணினியைப் போடும்போதே கருப்புத் திரையில் நின்று, டிஸ்க்கை எடுத்ததும் விண்டோஸ் வந்தால், அது அந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆகப் பார்க்கிறது. பயாஸில் பூட் வரிசையை மாற்றினால் தீர்ந்தது. இவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, அதே டிஸ்க்கை வேறொரு கணினியில் ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் உங்கள் கணினியைப் பாருங்கள். அங்கேயும் நின்றால் டிஸ்க்கையோ கேபிளையோ பாருங்கள்.

மின்சாரம் செய்யும் வேலை

நம் பகுதியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தைத்தான். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தரக் கடமைப்பட்டது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். உள்ளே நீல நிறம் தெரியும் யு.எஸ்.பி. 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர். சட்டைப்பையில் போகும் 2.5 இன்ச் டிஸ்க், மோட்டார் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 1 ஆம்பியரை நெருங்கிக் கேட்கக்கூடும். கேட்டது கிடைக்காவிட்டால் சுழலப் பார்த்து, முடியாமல் நின்று, மறுபடி சுழலப் பார்க்கும். காதை அருகில் வைத்தால் 'டிக், டிக்' என்று கேட்கும். அந்த ஒலி கேட்டால் டிஸ்க் போய்விட்டது என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது. மின்சாரம் போதாதபோதும் அதே ஒலிதான் வரும்.

அசெம்பிள் செய்த சி.பி.யு.வின் முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய வயர் மதர்போர்டு வரை போகிறது. அந்த வழியிலேயே வோல்டேஜ் கொஞ்சம் குறைகிறது. குனிய வேண்டியிருந்தாலும் பின்பக்க போர்ட்டில் போடுங்கள். நீளக் கேபிள், எக்ஸ்டென்ஷன் கேபிள், அடாப்டர் இல்லாத ஹப் இவை மூன்றும் வேண்டாம். டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிள் குட்டையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது பழையதாகி, டிஸ்க் பக்கத்துத் தட்டை முனை லொடலொடவென்று ஆடினால், வேறு எதையும் தொடும் முன் கேபிளை மாற்றுங்கள். இருக்கிற வைத்தியங்களிலேயே மிக மலிவானது இதுதான்.

தனி அடாப்டரோடு வரும் பெரிய 3.5 இன்ச் டிஸ்க்கில் வேறு சிக்கல். கணினி யு.பி.எஸ்.ஸில் ஓடும், இடம் இல்லையென்று டிஸ்க்கின் அடாப்டரை மட்டும் சுவரிலுள்ள நேரடி லைனில் மாட்டியிருப்பார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இடைவெளியில் கணினி ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் அறும். விண்டோஸ் பதிலுக்குக் காத்து நிற்கும். 2008 முதல் 2012 வரையிலான கடும் மின்வெட்டுக் காலம் நம் ஊர்களை ஜெனரேட்டர் வாங்க வைத்தது. யு.பி.எஸ்.ஸில் எதெல்லாம் இருக்க வேண்டும் என்ற கவனம் அந்த அளவுக்கு வரவில்லை. இரண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள்.

எர்த்தும் முக்கியம். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றால் அதைச் சகித்துக்கொண்டு வேலை பார்க்காதீர்கள். எர்த் சரியில்லாத பிளக்கில் சி.பி.யு.வின் இரும்புக் கூட்டில் கசிவு மின்னழுத்தம் நிற்கும். அந்த நிலையில் டிஸ்க்கைச் சொருகும்போது போர்ட்டும் பழுதாகலாம், டிஸ்க்கின் சர்க்யூட்டும் பழுதாகலாம். இதற்குக் கணினி மெக்கானிக் வேண்டாம், எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

பஞ்சுத் தூசியைச் சொல்லாமல் விட முடியாது. கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியைத் திறந்தால் புராசசர் ஃபேன் மேல் பஞ்சு மெத்தையாகப் படிந்திருக்கும். பேக்கப் எடுக்கும்போது கணினிக்கு வேலை கூடுகிறது. சூடு வெளியேற வழியில்லாமல் நின்றுவிடுகிறது. பழி டிஸ்க்கின் மேல் விழுகிறது. யு.எஸ்.பி. போர்ட்டுக்குள் அடைந்த பஞ்சும் இணைப்பைக் கெடுக்கும். கணினியை அணைத்து, பிளக்கை எடுத்து, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் தாறுமாறாகச் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கே காரணம் என்றால்

கேபிள் மாற்றியாயிற்று, பின்பக்க போர்ட், வேறு கணினி எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் நிற்கிறது என்றால் நிலைமை தீவிரம்.

போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஓடும்போது மேசையிலிருந்து விழுந்தாலோ, பலமாகத் தட்டுப்பட்டாலோ தட்டில் கீறல் விழுகிறது. கீறல் விழுந்த இடத்தைப் படிக்கச் சொன்னால் டிஸ்க் முயன்றுகொண்டே இருக்கும். நெட்வொர்க் சேமிப்பகங்களுக்கென்று செய்யும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 நொடிகளில் "முடியவில்லை" என்று சொல்லிவிடும். நாம் வாங்கும் சாதாரண டிஸ்க் அப்படிச் சொல்லாது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். கணினி நிற்பது அதனால்தான்.

இதை உறுதி செய்ய மூன்று இடங்களைப் பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டி, வேகம் மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அது முதல் சாட்சி. அடுத்தது விண்டோஸின் ஈவென்ட் வியூவர். அதில் சிஸ்டம் பதிவுகளில் 'டிஸ்க்' என்ற பெயரோடு 7-ஆம் எண் இருந்தால் கெட்ட பகுதி கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 153 என்றால் கேட்டது வராமல் மறுபடி கேட்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, 'ஸ்மார்ட்' எனப்படும் டிஸ்க்கின் சொந்த ஆரோக்கியப் பதிவு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். சில மென்பொருள்களில் பின்னிரண்டும் சி5, சி6 என்று தெரியும். இவை பூஜ்யத்தில் இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம்.

இந்த நேரத்தில்தான் விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யட்டுமா என்று கேட்கும். நம் கை தானாக 'ஆம்' பொத்தானுக்குப் போகும். போக விடாதீர்கள். நல்ல டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் செய்யாமல் உருவியதால் வந்த குழப்பம் என்றால் அந்தச் சோதனை உதவும். தட்டே கெட்டுப்போன டிஸ்க்கில் அது முழுத் தட்டையும் மணிக்கணக்கில் உழுது, இருக்கிற உயிரையும் எடுத்துவிடும். படிக்க முடியாத ஃபைல்களைத் துண்டாக்கியும் விடும். ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் அதற்கும் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். முதலில் பிரதி, பிறகுதான் பழுது பார்ப்பது.

பிரதி எடுப்பதிலும் முறை இருக்கிறது. மொத்த டிஸ்க்கையும் இழுத்துப் போடாதீர்கள். முதலில் டேலி டேட்டா ஃபோல்டர், அடுத்து நடப்பு ஆர்டர்களின் பேட்டர்ன், பஞ்சிங். படங்களும் பழைய மெயிலும் கடைசியில். ஒரு ஃபைலில் நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சாதாரண காப்பிக்கே டிஸ்க் இடம் கொடுக்காவிட்டால், லினக்ஸில் இயங்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைத் தாண்டிப்போய், கடைசியில் அவற்றுக்குத் திரும்பும். எதுவரை எடுத்தது என்று ஒரு குறிப்பும் வைத்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒன்று கவனம்: எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். பழக்கமில்லாதவர் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டாலோ, விடாமல் தட்டினாலோ, இந்த வழி எதுவும் வேண்டாம். உருவி எடுத்து வைத்துவிட்டு, தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிறுவனத்திடம் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஓடும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்; ஈரம் தட்டில் படியும். மூடியைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள்; பஞ்சு பறக்கும் ஊரில் அது டிஸ்க்குக்கு முடிவு. அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றிப் போடுவதும் இப்போது உதவாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதனதன் போர்டில் பதிந்திருக்கின்றன. இன்னொன்று, கூட்டை உடைத்து உள்ளிருக்கும் டிஸ்க்கை நேராகக் கணினியில் மாட்டலாம் என்ற யோசனை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யு.எஸ்.பி. முனை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான சாட்டா முனை உள்ளே கிடையாது. உடைத்தபின் தெரிந்து பயனில்லை.

நோயில்லாத டிஸ்க்கும் சில நேரம் நிற்கும். விலை குறைந்த, கொள்ளளவு கூடிய போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவும் எஸ்.எம்.ஆர். முறையில் எழுதுபவை, தடங்களை ஒன்றன் ஓரத்தில் இன்னொன்று ஏறும்படி எழுதி இடத்தை மிச்சப்படுத்துகின்றன. முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும். தற்காலிக இடம் நிரம்பியதும் பழையதை அடுக்கி எழுதத் தொடங்கி, நின்றுவிட்டது போலத் தோன்றும். இந்த முறையைப் பல மாடல்களில் வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விற்றது 2020-இல் வெளியே வந்து, வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூன்றும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எழுதும்போது மட்டும் தாமதம், படிக்கும்போது சாதாரண வேகம் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். விளக்கு அணையும் வரை பொறுங்கள், உருவாதீர்கள்.

மென்பொருள் காரணங்கள்

இவை எளிதில் தீர்பவை. பழைய விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிற யூனிட்டுகளில் யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுக்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். விண்டோஸ் 8-இலிருந்துதான் அது கூடவே வந்தது. பவர் ஆப்ஷன்ஸில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்திப் பாருங்கள். ஒரு கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே டிஸ்க்கைச் சோதிக்கப் போட்டியிடும்.

ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸ். யு.எஸ்.பி. டிரைவைச் சொருகியதும் தானாக நிரல் ஓடும் வசதியை மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் 2011-இல் அடைத்துவிட்டது. ஆனாலும் நாமே கிளிக் செய்து திறக்கும் ஷார்ட்கட்டை அது தடுக்காது. பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒரே பென் டிரைவ் நாலு யூனிட் சுற்றி வரும் தொழிலில் அது பரவத்தான் செய்யும்.

இரண்டாவது டிஸ்க்

பேக்கப் எடுக்கிறோம் என்று சொல்லும் பலரிடம் இருப்பது பேக்கப் அல்ல. கணினியில் இடமில்லையென்று பழைய சீசன் ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கணினியில் அழித்துவிடுகிறார்கள். அப்போது அந்த டிஸ்க்கில் இருப்பதுதான் ஒரே பிரதி. அது நின்றால் எல்லாம் நின்றது. என்னைக் கேட்டால், கேபிளையும் போர்ட்டையும் விட இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். குன்னத்தூர் யூனிட்டுக்கு இது பெரிய செலவல்ல. கணினியில் ஒன்று, அலுவலக டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. டேலி பேக்கப்பும் பேட்டர்னும் பஞ்சிங்கும் பெரிய இடம் பிடிப்பவை அல்ல. கிளவுடில் நம்பிக்கை இல்லாதவர் இன்னொரு டிஸ்க்கை வாங்கி முதலாளி வீட்டு பீரோவில் வைக்கட்டும். இரண்டையும் வாரம் மாற்றி வாரம் பயன்படுத்தட்டும்.

பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கை எஜெக்ட் செய்து உருவி வையுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது. அந்த வகை நிரல்கள் கணினியோடு சேர்த்து அதில் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும். எப்போதும் சொருகியே இருக்கும் டிஸ்க் அந்த நாளில் கை கொடுக்காது. டிஸ்க் ஓடும்போது நகர்த்தாதீர்கள்; அணைந்தபின் பையில் போட்டு வண்டியில் கொண்டுபோனால் பயமில்லை. எஸ்.எஸ்.டி. வாங்கினால் விழுந்தாலும் தாங்கும். ஆனால் அது போகும்போது முன்னறிவிப்பில்லாமல் ஒரேயடியாகப் போகக்கூடும். அதற்கும் இரண்டாவது பிரதி வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை சம்பளப் பட்டியல் முடிந்த கையோடு ஒரு பேக்கப் எடுங்கள். அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் சொருகி, டேலியை ரீஸ்டோர் செய்து, கடைசியாகப் போட்ட பில் எண் வருகிறதா, ஒரு பஞ்சிங் ஃபைல் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லையென்றால் திங்கட்கிழமை லைன் ஓடத் தொடங்கும் முன் புது டிஸ்க் வாங்கிவிடுங்கள்.